தெற்கு எந்தப் பக்கம்

வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிபோன இருபத்திரண்டாம் நாள், விடியற்காலையில் உண்ணாமலை இறந்துபோனாள். நெஞ்சு வலிக்கிறது என்று வெந்நீர் கேட்டாள். கணவர் சக்கரபாணி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

கூடத்தில் பாய் விரித்த பெண்கள், தலையைத் தெற்கே வைக்க வேண்டுமே, தெற்கு எந்தப் பக்கம் என்று அவரைத்தான் கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்? முப்பத்தொரு வருடம் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் பாகம் பிரிப்பவர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். கண்ணைக் கட்டி எந்தக் கரம்பில் விட்டாலும் வடக்கைக் காட்டிவிடுவார் என்று, கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குக் காம்பஸ் என்றே பேர் வைத்திருந்தார்கள். அவர் கையை நீட்டிக் காட்டினார். பிறகு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வாய்க்கரிசி போட உள்ளே அழைத்துப் போனது அவர் நினைவில் தங்கவே இல்லை. மகள் இனியா சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது பாடை வாசலில் இருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், கழுவிவிட்ட தரையில், தலை இருந்த இடத்தில் அவரே விளக்கை ஏற்றி வைத்தார். பதினாறாம் நாள் வரை அது அணையக் கூடாது.

மூன்றாம் நாள் மழை விட்டது. கூடத்து ஜன்னலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேகம் விலகி, ஜன்னலின் வலது ஓரத்தில் மலை நின்றது. வேங்கிக்காலுக்கு மலை தென்மேற்கு. அப்படியானால் ஜன்னல் பக்கம்தான் தெற்கு. அவர் கை நீட்டியது எதிர்ச்சுவரை. விளக்கு எரிந்துகொண்டிருந்ததும் அந்தச் சுவரோரம்தான்.

உண்ணாமலைக்குத் திசை தெரியாது. அவளுக்குத் தெரிந்த பக்கங்கள் இரண்டே இரண்டு: மலைப் பக்கம், மலைக்கு அந்தாண்ட. உப்பு டப்பா மலைப் பக்கத்து அலமாரியில் இருக்கும். பால்காரர் வீடு மலைக்கு அந்தாண்ட இருக்கும். மலையை முதுகில் வைத்துக்கொண்டு நேராகப் போங்கள் என்று அவருக்கே வழி சொல்வாள். அப்படிப்பட்டவளைத் திசை மாற்றிக் கிடத்தி அனுப்பிவிட்டோம், அந்த மழையில் எங்கே போய் வழி தெரியாமல் நின்றாளோ என்று நினைத்தபடியே ஜன்னலைச் சாத்தினார்.

அன்றிலிருந்து அவருக்குத் திசை போயிற்று. கடைக்குப் போனால் வேறு தெரு வழியாக எங்கெங்கோ சுற்றி வீட்டுக்கு வந்தார். வலது கைப் பக்கம் இருக்க வேண்டிய மலை திடீரென்று இடது பக்கம் எழும்பி நின்றது. மலைக்கு மறுபக்கம் இருக்கும் அடி அண்ணாமலையில், அப்பாசாமியின் நிலத்துக்கு வரைபடம் போட்டுத் தருவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். ஏற்கெனவே எடுத்திருந்த அளவுகளை வைத்து, வீட்டில் உட்கார்ந்து அதை வரைந்து முடித்தார். வாங்க வந்த அப்பாசாமி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், என் கெணத்தத் தூக்கி ரோட்டுக்கு அந்தாண்ட வெச்சிட்டீங்க. தண்ணி எறைக்க நான் விசா வாங்கணுமா?”

துக்க வீட்டில் கேலி பேசிவிட்டதற்காக அப்பாசாமி உடனே வருத்தப்பட்டார். சக்கரபாணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கைக் காட்டும் அம்பு தெற்கே பார்த்திருந்தது.

“வேற ஆளப் பாத்துக்குங்க. எனக்கு இனிமே வராது,” என்றார்.

அதற்கு மறுநாள் காலைதான் விளக்கு முதல்முறையாக இடம் மாறியிருந்தது. சுவரோரம் வைத்தது ஜன்னலுக்கு அடியில் இருந்தது. இனியாவைக் கேட்டார். அவள் தொடவில்லை. திருப்பிச் சுவரோரமே வைத்தார். அடுத்த நாளும் ஜன்னலடியில் எரிந்தது. டேப்பை எடுத்து அளந்தார். பதினோரு அடி நான்கு அங்குலம். அதற்கடுத்த நாளும் அதே அளவு, ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு, விளக்கைச் சுற்றிச் சாக்பீஸால் குறி போட்டு, கூடம் முழுக்கக் கோலமாவைத் தூவிவிட்டுப் படுத்தார். காலையில் மாவு தூவியபடியே கிடந்தது. சுவடு எதுவும் இல்லை. விளக்கு ஜன்னலடியில், எண்ணெய் ஒரு சொட்டு சிந்தாமல், சுடர் ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

“அப்பா, தூக்கத்துல எழுந்து நடக்கறீங்களா?” என்று கேட்ட இனியா, பதிலுக்குக் காத்திராமல் குனிந்து அவர் உள்ளங்கால்களைப் பார்த்தாள். மாவு இல்லை. அன்று முதல் அவள் தன் அறையைத் தாழிட்டுக்கொண்டு படுத்தாள்.

அவர் மட்டும் ஒவ்வொரு காலையும் விளக்கை எடுத்துச் சுவரோரம் வைத்துக்கொண்டே இருந்தார். தலை இருந்த இடத்தில்தானே விளக்கு இருக்க வேண்டும்? செய்த தப்பை விளக்கை நகர்த்தி மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. உண்ணாமலை தன்னிடம் முறையிடுகிறாள் என்றே நினைத்தார்.

பதினான்காம் நாள் காலை, அவர் விளக்கை நகர்த்துவதற்கு முன்பே, உண்ணாமலையின் தங்கை சரோஜா போளூரிலிருந்து வந்துவிட்டாள். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்ததால், அன்று சுடுகாட்டுக்கு எடுத்துப்போனதுமே கிளம்பிப் போனவள். நிலைப்படியில் நின்று ஜன்னலடியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெளக்க கரெக்டா வெச்சிருக்கீங்க மாமா. அக்கா தலமாடு அங்கதான இருந்தது.”

“இல்லம்மா. தலமாடு இந்தச் செவுத்தோரம். நான்தான காட்டினேன்.”

“நீங்க காட்டினது வடக்கு.” அவள் பையைக் கீழே வைத்தாள். “எனக்கு அப்பவே சந்தேகம். பக்கத்து வீட்டுச் செழியன் போன்ல பாத்துச் சொன்னான். நாங்க பாயோட திருப்பிப் போட்டுட்டோம். அக்கா தெக்க தல வெச்சிதான் படுத்திருந்தா.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“அந்த நேரத்துல காம்பஸ்கிட்ட போயி, தெச தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா?”

சக்கரபாணி தரையில் உட்கார்ந்தார். சரோஜா இத்தனை நாளும் போளூரில் இருந்தாள். செழியனிடம் இந்த வீட்டுச் சாவி கிடையாது. விளக்கை நகர்த்தியது யார் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று விளக்கை அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலை அது வைத்த இடத்திலேயே இருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தார். அதற்கு மறுநாளும் நகரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வேறு என்னவோ போல இருந்தது. நகருமா என்று நின்று, இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அப்பாசாமிக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துவிட்டாரா என்று விசாரித்தார். பார்க்கவில்லை. நிலம் அளக்கும் சங்கிலியையும் புது வரைதாளையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். வெளியே வந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு திறந்து பார்த்தார். மலை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

“எங்க போறீங்கப்பா?” என்று இனியா உள்ளே இருந்து கேட்டாள்.

“மலைக்கு அந்தாண்ட,” என்றார்.