கிரிஸெல் கொடுத்த ஒரே கிளாஸ்

ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் கூர்லே குடும்பம் மூன்று தலைமுறையாக ஒயினும் விஸ்கியும் விற்றுவந்தது. பிரான்சின் போர்தோவிலிருந்து கப்பலில் வரும் பீப்பாய்களில் நல்லதெல்லாம் அவர்களுடைய நிலவறைக்குத்தான் போகும். நான் அங்கே புட்டி கழுவச் சேர்ந்தபோது கில்பர்ட் கூர்லே முதலாளி. அவருக்குத் தாயில்லாத ஒரே மகள், கிரிஸெல். என் வயதுதான், எனக்குச் சிநேகிதியும் ஆனாள்.

வியாபாரத்தில் கூட்டாளி லாரன்ஸ் பிரிங்கிள். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், எந்த ஊர்த் திராட்சை என்று சொல்லிவிடுவார். குடிப்பதற்கென்றே பிறந்த மனிதர்.

ஒரு வசந்தகாலத்தில் தேவாலயத்துத் திருவிருந்துக்கு அனுப்பிய ஒயினில் அவர் மட்டமான சாராயத்தைக் கலந்துவிட்டார். குடித்தவர்கள் வாந்தியெடுத்துப் படுத்தார்கள். மீன்காரி ஒருத்தி செத்தே போனாள். சபை மூப்பர்கள் விசாரித்தபோது பிரிங்கிள் வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து, அந்தப் பீப்பாயைத் தான் தொடவேயில்லை, எல்லாம் கூர்லேயின் வேலை என்று சத்தியம் செய்தார். அவர் கலந்ததைக் கிரிஸெல் கண்ணால் பார்த்திருந்தாள். சபையில் எழுந்து சொல்லவும் சொன்னாள். அப்பனைக் காப்பாற்ற மகள் சொல்லும் கதை என்று தள்ளிவிட்டார்கள்.

வாசலில் பிரிங்கிள் அவளைப் பார்த்துச் சிரித்தார். "போம்மா, போய் ஊசி நூலை எடுத்துத் தைக்கக் கத்துக்க."

கூர்லேயைச் சபையிலிருந்து விலக்கினார்கள். ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே அவர் மனமொடிந்து செத்துப்போனார். கடை பிரிங்கிளுடையதாயிற்று. கிரிஸெல் கழிமுகத்துக்கு அக்கரையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனாள்; நான் பிழைப்புக்காக அங்கேயே புட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

சில வருஷத்தில் பிரிங்கிளின் மனைவி இறந்தாள். வெளியூர்ப் பழைய வாடிக்கைக்காரர்களும் கூர்லே இல்லாத கடை நமக்கெதற்கு என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். கூர்லே ரத்தம் வீட்டுக்குள் இருந்தால் அவர்கள் திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டு, கிரிஸெலைப் பெண் கேட்டு ஆளனுப்பினார். அவள் சம்மதித்தாள்.

எனக்குத் தாங்கவில்லை; அக்கரைக்கே போய்க் கேட்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உங்கப்பனைக் கொன்னவன்டி அவன்!"

"தெரியும் மைசி. அதுக்குத்தான் போறேன்."

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கடுஞ்சொல் பேசாமல் வாழ்ந்தாள். வியாபாரத்தைக் கற்றாள். வாடிக்கையும் திரும்பியது. ஒருநாள் பிரிங்கிள் நிலவறைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவள்தான் தள்ளினாள் என்று ஊர் பேசியது. நான் படிக்குக் கீழேதான் நின்றிருந்தேன்; மனிதர் தானாக வழுக்கித்தான் விழுந்தார். ஆனால் அவள் முகத்தையும் பார்த்தேன். சந்தோஷத்தை மறைக்க அவள் முயலவே இல்லை.

அன்றிலிருந்து படுத்த படுக்கையான அவருக்கு ஓட்ஸ் கஞ்சியும் மோரும்தான். ஒரு சொட்டு மது கிடையாது. மாலையில் விளக்கேற்றியதும் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, கடையிலேயே உயர்ந்த ஒயினை ஊற்றி மெதுவாகக் குடிப்பாள்.

"நல்லா பழுத்திருக்குங்க. வாசனை அங்க வரைக்கும் வருதா?"

"பாவி! என் கடைச் சரக்குடி அது!"

"எங்கப்பா கடை. உண்மையைச் சபையில சொல்லுங்க, ஒரு கிளாஸ் தரேன்."

முதலில் திட்டினார். பிறகு கெஞ்சினார். என்னிடம்கூடக் கையேந்தினார்: "மைசி, ஒரு வாய் கொண்டா, புண்ணியமாப் போகும்." அவர் சத்தியம் செய்த கை அது. நான் கொடுக்கவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் மனிதர் உடைந்தார். போதகரும் மூப்பர்களும் கட்டிலைச் சுற்றி நிற்க, கலந்ததையும் பொய்ச் சத்தியத்தையும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். ஞாயிறன்று நிறைந்த சபையில் கூர்லேமேல் குற்றமில்லை என்று போதகர் அறிவித்தார். கிரிஸெல் தலைகுனியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னபடி கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவர் கிளாஸை நீட்டினார். "இன்னொண்ணு?"

"ஒண்ணுதானே பேச்சு."

அதற்குப் பின் நான்கு வருஷம் அவரை உயிரோடு வைத்திருந்தாள். புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள், வேளைக்குக் கஞ்சி ஊட்டினாள். இப்படியொரு மனைவியைப் பார்த்ததில்லை என்று வைத்தியர் வியந்தார். அவர் கண்ணெதிரே தான் குடிக்கும் மாலைக் கிளாஸை மட்டும் அவள் ஒருநாளும் நிறுத்தவில்லை.

அவரைப் புதைத்த அன்று கேட்டேன். "இப்பவாவது மனசு ஆறிச்சா?"

"இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கலாம் மைசி" என்றாள். பிறகு, போர்தோக் கப்பல் வந்துவிட்டதா என்று பார்த்துவரத் துறைமுகத்துக்கு என்னை அனுப்பினாள்.