மிளகாய் நாற்றில் தூவிய சாம்பல்

காலை பத்து இருபதுக்கு நாற்றங்கால் மேல் மூடியிருந்த பாலித்தீனை விலக்கிச் சாம்பல் தூவ ஆரம்பித்தேன்.

என் மகள் கல்வராயன் மலையில் ஓடையோரமாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். மண் கறுப்பாக இருக்கும், மிதித்தால் பஞ்சு போல அமுங்கும். வருடக்கணக்காக நீரில் ஊறி மட்கிய இலையும் வேரும்தான் அது. பரிசோதனையில் அமிலம் அதிகம் என்று வந்தது. அதைத் தணிக்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து விறகடுப்புச் சாம்பலை மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். வெறும் பாத்தியில் கலந்து, மூன்று வாரம் ஆறப்போட்டு, பிறகுதான் நாற்றை நட வேண்டும். இந்த மிளகாய் பிழைக்காவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், நீங்கள் பார்க்கிற மாப்பிள்ளைக்குச் சம்மதிக்கிறேன் என்று தன் அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

பள்ளி விடுமுறைக்கு நான் அவளோடு தங்க வந்திருந்தேன். அன்று சொட்டுநீர்க் குழாய் வாங்க அவள் மலையிறங்கிப் போயிருந்தாள். நாற்று வெளிறியிருப்பதாக எனக்குப் பட்டது. எங்கள் ஊரில் கத்திரிக்குப் பூச்சி வந்தால் இலை மேலேயே சாம்பல் தூவுவோம். கை அந்தப் பழக்கத்தில் போனது. தாராளமாகத் தூவி, தண்ணீர் தெளித்து, பாலித்தீனை இறுக்கி மூடினேன். முந்தின நாள் சாயங்காலம் அவள் அதே நாற்றுக்கு யூரியா கரைத்து ஊற்றியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு மணிக்குத் திறந்தபோது கண் எரிந்தது. அமோனியா நெடி. யூரியாவோடு சாம்பலின் காரம் சேர்ந்தால் அப்படித்தான் வரும். பள்ளியில் வேதியியல் நடத்துகிற எனக்கு அது தெரியாததல்ல. இலைகள் வெந்தது போல் சுருண்டிருந்தன.

போனில் சிக்னல் இல்லை. ஓடையிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றினேன். பக்கத்து நிலத்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க டீச்சர், பஜ்ஜிக்கு மாவுல தோய்ச்சா மாதிரி தோய்ச்சி வச்சிக்கீறீங்க?"

சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் தானும் ஒரு குடத்தை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அதைக் கீழே வைத்தார். "ஊத்த ஊத்த மண்ணுதான் கரைஞ்சிக்கினு போவுது. வுட்ருங்க."

விட முடியவில்லை. ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். துடைத்த இலை கையோடு வந்தது.

ஐந்து மணி பஸ்ஸில் மகள் வந்தாள். தோளில் குழாய்ச் சுருளோடு குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"எல்லாத்துக்குமா போட்ட?"

"ஆமா."

சுருளை இறக்கி வைத்தாள்.

"நீ போட்டேன்னு அப்பாகிட்ட சொல்லாதம்மா. நான்தான் யூரியாவ ஜாஸ்தியா ஊத்திட்டேன்னு சொல்லிக்கிறேன்."