செவ்வாய்க்கிழமை வாசல்

கல்லூரியில் ஏதோ முகாமாம். போன வாரம் மகள் தலையில் ஒரு தொப்பியும் கையில் ஒரு ஃபைலுமாக வீட்டுக்கு வந்தாள். சொந்தத் தொழில் தொடங்குவது எப்படி என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்களாம். மத்தியானம் சாப்பாடும் போட்டிருக்கிறார்கள். நான் அடுக்களையில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, உங்க வீட்ல யாராச்சும் பிசினஸ் பண்ணியிருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு கிரைண்டர் கல்லைக் கழுவினேன்.

அரைத்த உளுந்துக்கு ஒரு வாசனை இருக்கிறது பாருங்கள், புளிப்பதற்கு முந்தைய பச்சை வாசனை. அது என்னை எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். திண்டிவனத்தில் ஒரு எலெக்ட்ரிகல் கடை. இறக்கிவிட்ட ஷட்டர். அதன் முன்னால் ஒரு வாசற்படி.

நான் எட்டாவதோடு நின்றவள். விழுப்புரத்தைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் அது. ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததில் நான் நின்றது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார், முதுகு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் காரணம். நின்றதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று இனிமேல் பயப்பட வேண்டாம் அல்லவா? ஆனால் அந்தப் பயம் இருந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை, வேறு பயங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. பயப்படுவதில் நான் கெட்டிக்காரி. மழை வருவதற்கு முன்னால் மழைக்குப் பயப்படுவேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பயப்படுவேன்.

எங்கள் வீட்டுக்கு முன்தெரு கடைத்தெரு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அப்போதெல்லாம் ஒவ்வொரு கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு. எலெக்ட்ரிகல் கடைக்குச் செவ்வாய். செருப்புக்கடை பாய்க்கு வெள்ளி. உரக்கடைக்கு ஞாயிறு. லீவு நாளில் வாசல் சும்மாதானே கிடக்கிறது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாராவது எதையாவது விற்றுப் பார்க்க ஆசைப்பட்டால் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். வாடகை கிடையாது. வரும்போதும் போகும்போதும் பெருக்க வேண்டும். அந்தக் கடையில் விற்கிற சாமானை விற்கக் கூடாது. போணி மட்டும் கடைக்காரருடையது. லீவானாலும் வீட்டிலிருந்து கிளம்பி வந்து, முதல் ஆளாகத் தன் கையால் காசு கொடுத்து வாங்கிவிட்டுத்தான் போவார். இப்படி விடாமல் உட்கார்ந்து காட்டுகிறவர்களுக்குத் தை மாதம் தெருவே சேர்ந்து ஒரு நிலையான இடம் பேசிக் கொடுக்கும். டீக்கடை லட்சுமி அக்கா அப்படி உரக்கடை வாசலில் சுண்டல் விற்று மேலே வந்தவள்.

அந்த வருஷம் காபித்தூள் கடையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து காலியாக இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. இல்லாவிட்டால் தை பிறந்ததும் விழுப்புரத்துத் துணிக்கடைக்கு வேலைக்குப் போக வேண்டும், மாமா சொல்லி வைத்திருந்தார். அங்கே வேலை செய்கிற பெண்கள் நாள் முழுக்க உட்காரவே கூடாதாம். யாரோ சொன்னார்கள்.

நான் விற்க நினைத்தது இட்லி மாவு. இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அப்போது மாவை யாரும் விற்று நான் பார்த்ததில்லை. அம்மா ரெண்டு வாத்தியார் வீடுகளுக்கு ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வீட்டுக்கு முடிகிறது தெருவுக்கு முடியாதா என்று தோன்றியது. அவ்வளவு பயத்துக்கு நடுவே அது எப்படித் தோன்றியது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. எலெக்ட்ரிகல் கடை குப்புசாமி அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா, பியூஸ் போச்சா?"

"இல்லண்ணா. செவ்வாய்க்கெழம வாசல் வேணும்."

"இன்னா விக்கப்போற?"

"மாவுண்ணா. இட்லிக்கு அரைச்சது."

"தொட்டுக்க சட்னி நாங்க கொண்ணாரணுமா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய், ரிப்பேருக்கு வந்து யாரும் திருப்பி வாங்க வராத ஒரு கிரைண்டரை இழுத்து வந்து வைத்தார். "ஓனர் வந்தா குடுத்துடணும். அதுவரிக்கும் ஓட்டு. ஈரக் கையோட சுச்சு போடாத." அதிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் யார் நிழல் விழுந்தாலும் எனக்குக் கிரைண்டர் ஓனராகத்தான் தெரிந்தது.

செவ்வாய் அண்ணன் வாசல், வெள்ளி பாய் வாசல் என்று போனது. உரக்கடையிலும் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தேன். பூச்சிமருந்து வாடைக்குள் நின்று யார் மாவு வாங்குவார்கள்? நானே வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் மற்ற இரண்டு நாளும் பெண்கள் தூக்கோடு வந்தார்கள். ஆபீஸ் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள். மத்தியானத்துக்குள் பாத்திரம் காலியாகிவிடும்.

காலியான பிறகுதான் என் வேலை ஆரம்பம். மாவு இப்போது எந்த வீட்டில் இருக்கிறதோ, வெயிலில் வைத்துவிட்டார்களோ, புளித்துப் பொங்கி அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களோ? மறுநாள் தெருவில் யாரைப் பார்த்தாலும் கிட்டே போய்க் கேட்பேன், "நேத்து மாவு ஒண்ணும் பண்ணலயேக்கா? வயிறு சரியா இருக்குதா?"

ஒரு டீச்சரம்மா நின்றுவிட்டார். "ஏன் கேக்கற? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா. சும்மா கேட்டேன்."

சும்மா யாராவது அப்படிக் கேட்பார்களா? பேச்சு கிளம்பிவிட்டது. முதலில் யாருக்கோ வயிற்றுவலி என்றார்கள். பிறகு வாந்தி. அப்புறம் ஒரு பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினதாகச் சொன்னார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும், நானே அதை நம்பிவிட்டேன். எந்தப் பிள்ளை, எந்த வீடு என்று வீடு வீடாகப் போய் விசாரித்தேன். கொஞ்சநஞ்சம் கேள்விப்படாமல் இருந்தவர்களுக்கும் நானே சொல்லி முடித்தேன்.

அடுத்த வெள்ளி பாய் வந்து போணி செய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆளில்லை. மாவு பாத்திரத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. குப்புசாமி அண்ணன் தன் கடையிலிருந்து இறங்கி வந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை, பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் இன்னா விக்கறேன்? பல்பு விக்கறேன். வித்துட்டு மறுநா போயி, உங்க வூடு பத்திக்கினு எரிஞ்சிச்சான்னு கேக்கறேனா?"

லட்சுமி அக்கா டீக்கடையிலிருந்தே கத்தினாள். "ஏண்டி, ஊர்ல இருக்கறவங்க வயித்தையெல்லாம் நீ ஒருத்தியே செமக்கறியா? தூக்கிக்கினு வாடி இங்க!"

பாத்திரத்தோடு போனேன். அக்கா இட்லிக் குண்டானை ஏற்றினாள். தெரு பார்க்க பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார்கள். அண்ணன் முதலில் உட்கார்ந்தார். காபித்தூள் கடைக்காரர், உரக்கடைக்காரர், சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த இன்னும் சிலர். தொழுகை முடிந்து வந்த பாய் வெள்ளைச் சட்டையோடு அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, "ஜல்தி ஊத்துமா, பசிக்குது" என்றார். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது என்னைப் பார்த்து, "நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு ஒண்ணும் ஆவல. நாளைக்கு வூட்டாண்ட வந்து வயிறு எப்டி இருக்குதுன்னு பேஜாரு பண்ணாத" என்றார். தெருவே சிரித்தது. அந்த டீச்சரம்மா அடுத்த செவ்வாய் தூக்கோடு வந்துவிட்டார்.

தை பிறந்தது. அண்ணன், பாய், அக்கா மூன்று பேரும் என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனார்கள். கட்டடக்காரரிடம் பேசியாகிவிட்டதாம். அண்ணன் ஒரு பல்புகூட மாட்டி எரியவிட்டிருந்தார். "உள்ள போயி குந்திப் பாரு" என்றாள் அக்கா. குந்தினேன். தலைக்கு மேலே யாரோ தடதடவென்று படியேறிப் போனார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது? கிரைண்டர் ஓனர் வந்து நின்றால்? நிஜமாகவே ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாசல் என்றால் சாயந்தரம் பெருக்கிவிட்டு எழுந்து போய்விடலாம். இதிலிருந்து எழுந்து போக முடியாது போல இருந்தது.

"வேணாங்கண்ணா" என்றேன்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "வுடு. செவ்வாய்க்கெழம எங்க ஓடிடப் போவுது? மனசு வந்தா வா" என்று சொல்லிவிட்டு, பல்பை அணைத்தார்.

விழுப்புரம் வந்தேன். உட்காரக் கூடாது என்று கேள்விப்பட்டது உண்மைதான். சேலையைப் பிரித்துக் காட்டுவது, வேண்டாம் என்று போனதும் மடிப்பது. மடித்துக்கொண்டிருக்கும்போதே வளவனூர்க்காரரோடு கல்யாணம், மகள், வாடகை வீடு எல்லாம் நடந்தது. பயப்பட ஒன்றுமில்லாத வேலை. மாவைப் போல துணி பொங்காது, புளிக்காது. கால்தான் வீங்கியது. ஒருநாள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். சூடாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

அப்போது மகள் ஆறாவதோ ஏழாவதோ. ஒரு திங்கட்கிழமை அரிசியும் உளுந்தும் நிறைய ஊறப்போட்டேன். செவ்வாய் காலையில் பெரிய பாத்திரத்துக்குத் துணி கட்டி, திண்டிவனம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "இன்னாமா, பாலா? மேல ஊத்திடப் போற, கெட்டியாப் புடி" என்றார் கண்டக்டர். ஆச்சரியம், வழி முழுக்க எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. பாத்திரம் மடியில் கனத்தது, அது மட்டும் தெரிந்தது.

தெரு முழுக்கத் திறந்திருந்தது.

எலெக்ட்ரிகல் கடையில் அண்ணனின் மகன். அண்ணன் வீட்டோடு இருக்கிறாராம், காது சரியாகக் கேட்பதில்லையாம். "செவ்வாய்க்கெழம லீவு இல்லீங்களா?" என்றேன்.

"லீவா? ஒரு நாள் மூடுனா அடுத்த கடையில வாங்கிக்கினு பூடுவாங்கக்கா. அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு."

வாசற்படியில் பிளாஸ்டிக் பைப்புகளும் தண்ணீர் மோட்டாரும் அடுக்கியிருந்தன. செருப்புக்கடையில் வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்கு மட்டும் பாதி ஷட்டர் இறக்குவார்களாம். லட்சுமி அக்காவின் கடை செல்போன் கடை. அக்கா மெட்ராஸில் பிள்ளை வீட்டில் இருக்கிறாளாம். மாடிப்படிக்குக் கீழே கம்பிக் கதவு போட்டு ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள்.

கை வலித்தது, பாத்திரத்தைக் கீழே இறக்கினேன். "அக்கா, கொஞ்சம் தள்ளி வெச்சிக்கறீங்களா, கஸ்டமர் வர்ற வழி" என்றான் பையன், மரியாதையாகத்தான். தள்ளி வைத்தேன். அது பக்கத்துக் கடை வாசல். அவர்களும் அதையே சொன்னார்கள். அப்படியே தள்ளித் தள்ளி வைத்து, தெரு முடிந்து பஸ் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். மூடின ஷட்டர் ஒன்றுகூட இல்லை. விழுப்புரம் பஸ் வந்தது, பாத்திரத்தோடு ஏறிக்கொண்டேன்.