ஆர்லோ வார்த்த குண்டுகள்

ஆர்லோ ஸ்டென்ரூட் நாற்பது வருஷத்தில் கடைத் தோட்டா ஒன்றுகூட வாங்கியதில்லை. மொன்டானா மலையடிவாரத்தில் மரம் அறுக்கும் ஆலையொன்றில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிற வேலை பார்த்தவர். நல்ல கை. அந்தக் கைக்கு ஏற்ற திமிரும் இருந்தது. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, லாரி ஓட்டுகிற ஒருத்தனோடு போய்ச் சேர்ந்தாள். போனவளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம், "அவளுக்குச் சமைக்கவும் தெரியாது" என்பதுதான். மனுஷன் அப்படி.

டயர் கடையில் கழித்துப் போடுகிற, சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் பொருத்தும் ஈய எடைகளை வாளி வாளியாக அள்ளி வருவார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அந்த ஈயத்தை உருக்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து, அச்சில் ஊற்றுவார். அச்சிலிருந்து விழுகிற குண்டு சூட்டோடு தண்ணீர் வாளிக்குள் போகும். அப்போதுதான் கெட்டிப்படும். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்பார். தடம் விழுந்ததோ, அது திரும்பவும் உலைக்குத்தான்.

"கரடிக்கு மெத்துனு குண்டு போட்டா தோலுக்கடியில தட்டையாயி நின்னுரும். நம்மளுது எலும்ப உடைச்சுட்டு அந்தப் பக்கம் வெளிய வரும்" என்று காலையில் காப்பிக் கடையில் சொல்வார். கேட்காதவனுக்கும் சொல்வார்.

ஒரே மகள் லெட்டி. ஓடைகளில் இறங்கி மீன் கணக்கெடுக்கிற அரசாங்க வேலை. பழுப்புக் கரடி உலவுகிற புதர்க்காட்டில் நாள் முழுக்க நடக்க வேண்டும். அதனால் இடுப்பில் சுமக்கத் தோதாக, எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்றை வாங்கினாள். அதை அப்பாவிடம் காட்டியதுதான் தாமதம்.

"என்னடி இது, சிகரெட் லைட்டரா?"

"தெனமும் பன்னெண்டு மைல் நடக்குறேன்பா. உங்க இரும்புத் துண்டத் தூக்கிட்டு நடந்து பாருங்க, தெரியும்."

"சரி சரி. பொம்ம உன்னுதா இருக்கட்டும். குண்டு என்னுதா இருக்கட்டும்."

இங்கே ஒரு சங்கதி உண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். எடை குறையக் குறைய உதை கூடும். அந்த உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு, அது செருகியிருக்கிற பித்தளைக் கூட்டைவிட்டு மெல்ல முன்னால் நகர்ந்துவிடும். குண்டின் மூக்கு வெளியே நீட்டினால், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை சிக்கிக்கொள்ளும், அடுத்த குண்டு வெடிக்காது. அதற்காகத்தான் கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றி இறுக்கி மடிப்பார்கள். மடித்தால் போதாது, எந்தத் துப்பாக்கிக்கோ அந்தத் துப்பாக்கியிலேயே நாலு சுட்டு, ஐந்தாவது தோட்டா நீண்டிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். வீட்டில் தோட்டா கட்டுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆர்லோவுக்குத் தெரியாதா? அவரும் சோதித்தார். தன்னுடைய கனத்த பழைய ரிவால்வரில். மயிரிழைகூட நகரவில்லை.

"சனிக்கிழமை என்னுத எடுத்துட்டு வரேன்பா. அதுலயும் ஒரு தடவ சுட்டுப் பாத்துரலாம்" என்றாள் லெட்டி.

"அந்தத் தகர டப்பாவுக்கு என் குண்ட வீணாக்கவா? நான் கட்டுனது, எதுல போட்டாலும் போகும். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கட்டுனவன் நான்."

லெட்டி வாதாடவில்லை. அப்பா கையை நம்பி வளர்ந்தவள். தோட்டாப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம், பட்டப்பகலில், ஓடைக்கரைப் புதருக்குள்ளிருந்து குட்டிக்காரக் கரடி ஒன்று அவள்மேல் பாய்ந்தது. இரண்டு முறை சுட்டாள். மூன்றாவது முறை விசை அசையவே இல்லை. எதிர்க்கரையில் இருந்த கூட்டாளி மிளகாய் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டு ஓடிவருவதற்குள், இடது கை முழங்கைக்குக் கீழே கூழாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வனக்காவலர் கெர்மிட் அந்த ரிவால்வரை ஒரு பையில் போட்டுக் கொட்டகைக்கே கொண்டுவந்தார். காப்பிக் கடைச் சிநேகிதர்தான்.

"உன்ன விட்டா இந்தச் சுத்து வட்டாரத்துல ஆள் ஏது? ஏன் சிக்குச்சுன்னு நீயே பாத்துச் சொல்லு. அறிக்கைல எழுதணும்."

கெர்மிட் கழிவறைக்குப் போன நேரத்தில் ஆர்லோ உருளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு குண்டு நகக்கனம் முன்னால் நீண்டிருந்தது. அவர் வார்த்த குண்டு, அவர் மடித்த மடிப்பு. மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். குண்டு உள்ளே போனது. மகள் கையைவிட இந்த மனுஷனுக்குப் பெயர் பெரிதாகப் போயிற்று, பாவி.

"உருளையத் திருப்புற பல்லு சரியில்ல. மட்டமான துப்பாக்கி. வாங்கும்போதே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். கெர்மிட் அப்படியே எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் லெட்டி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட பக்கம் அவர் பார்வை போகவில்லை.

"துப்பாக்கிதாம்மா கோளாறு. பிரிச்சுப் பாத்தேன். பல்லு தேஞ்சிருக்கு" என்றார்.

லெட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குண்டு வெளிய நீட்டிட்டு நின்னுச்சுப்பா. நான் பாத்தேன்."

அப்போதுதான் அவர் பார்வை கட்டுப்போட்ட பக்கம் போனது.

"எடது கை வெரல வச்சு உள்ள தள்ளப் பாத்தேன். அது நகரல. அப்பதான் கரடி அந்தக் கையக் கவ்வுச்சு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கெர்மிட் வந்து கேட்டாரு. ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு மூணு நாளா வாசலப் பாத்துட்டு கெடந்தேன்."