அணு உலைப் பக்கத்து மீன்

காலையில் மாமல்லபுரம் ரிசார்ட் ஒன்றில், புவி வெப்பமாவதைத் தடுக்க அணுமின்சாரம்தான் ஒரே வழி, பயப்படுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று முழங்கிவிட்டு வந்தவன் நான். கைதட்டல் இன்னும் காதிலேயே இருக்கிறது. மதியம் அணுமின் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரக் கூடையில் சங்கரா மீனைப் பார்த்து டிரைவரிடம் காரை நிறுத்தச் சொல்கிறேன். விற்கும் அம்மாவிடம் என்னையறியாமல் கேட்கிறேன்: “இது பிளான்ட் பக்கம் புடிச்சதா?”

அவர் சாக்கை இழுத்துக் கூடையை மூடுகிறார்.

“இன்னா சார், சிறுசேரி ஐடி கம்பெனில ஏசி ஓட எங்கூரு கரண்ட்டு வேணும், எங்கூரு மீனு மட்டும் வேணாமா? கோவளத்து மீனுன்னு சொன்னாத்தான் இங்க யாவாரமே ஆவுது. நான் அப்டி சொல்ல மாட்டேன். இங்க புடிச்சதுதான். எம் புள்ளைங்களும் இதத்தான் துன்னுதுங்க.”

எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. பூமியைக் காப்பாற்றும் வேலையை இவர்கள் கரையில் இறக்கிவிட்டு, குழம்புக்கு மட்டும் வேறு கரை தேடுகிறோம். திட்டலாம் என்றால், திட்டு வாங்க வேண்டியவன் என் சட்டைக்குள்தான் இருக்கிறான். கூடையிலிருந்த மீன் முழுவதையும் வாங்கிக்கொள்கிறேன்.

கார் கிளம்பியதும் டிரைவர் கேட்கிறார்: “வூட்ல எந்த ஊரு மீனுன்னு சொல்லப் போறீங்க சார்?”