உள்பக்கத் தாழ்ப்பாள்

வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். எங்கள் நைனா அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நைனாவும் அம்மாவும் கல்யாணச் சமையல்காரர்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, கூடமாட வேலை செய்வார். வடமாலபேட்டையிலிருந்து நாராயணவனம் வரை எந்த மண்டபத்தில் முகூர்த்தம் என்றாலும் முதல் நாள் சாயந்திரமே போய்விடுவார்கள்; பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் நானும். பாத்திரங்கள் வாடகை ஆட்டோவில் வரும். காய் நறுக்கி முடித்ததும் நைனாவும் மாமாவும் துண்டை விரித்து மேடைக்குப் பின்னால் படுத்துவிடுவார்கள். அம்மா மட்டும் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தூக்கம் வராதாக்கும் என்று நினைத்திருந்தேன். மறுநாள் பந்திக்கும் வரமாட்டாள். புகை படிந்த சேலையோடு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். கூட்டம் பிடிக்காது போலும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறவனிடம் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது.

திருப்பதியில் பழைய வண்டி விற்கிற ஷெட்டுக்குப் போனோம். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவன் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று, பின்பக்கம் திறந்த தொட்டி. இன்னொன்று, சுற்றிலும் தகடு அடித்து, பின்னால் இரட்டைக் கதவு வைத்த மூடு வண்டி.

திறந்த வண்டியில் அண்டா சுலபமாக ஏறியது. மூடு வண்டியின் கதவில் அண்டாவின் காது இடித்தது. சாய்த்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது.

"இன்னும் இன்னா யோசன மாமா? தொறந்ததயே வாங்கிடு. மேல மேல அடுக்கிக்கினு போலாம்" என்று நைனாவிடம் சொன்னார் மாமா.

நைனா தலையாட்டினார். நானும் வண்டியில் ஒட்டியிருந்ததை உரக்கப் படித்து, திறந்ததுதான் அதிக எடை தாங்கும் என்று என் பங்குக்குச் சொன்னேன்.

அம்மா மூடு வண்டிக்குள் ஏறினாள். அண்டாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்தாள்.

"இன்னாக்கா, துன்னுட்டு வந்த மயக்கமா?"

"கதவச் சாத்துடா."

மாமா சாத்தினார். உள்ளே சத்தமே இல்லை. மூச்சு முட்டுமே என்று பயந்து தகட்டைத் தட்டினேன். "இருடா" என்று குரல் வந்தது. அவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

இறங்கி வந்து நைனாவிடம் சொன்னாள்: "இத்தயே எடுத்துக்கலாம்யா. உள்பக்கமா ஒரு தாழ்ப்பா வெச்சிக் குடுக்கச் சொல்லு."

ஷெட்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உள்ள தாழ்ப்பா எந்துக்கம்மா? அண்டா எழுந்து பூட்டிக்கப் போவுதா?"

மாமாவும் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "வெச்சிக் குடுப்பா" என்றார்.

"அண்டா இடிக்குதே மாமா?" என்றார் மாமா.

"சாய்ச்சி ஏத்துடா. உனுக்கு இன்னா வேல?"

அலிபிரி மலையடிவாரத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டுக்கொண்டு வந்தோம்.

அடுத்த முகூர்த்தம் நாராயணவனத்தில். காய் நறுக்கியதும் அம்மா வண்டிக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மறுநாள் சமையல் இறங்கியதும் மறுபடி போனவள், மாம்பழ நிறச் சேலை கட்டி, தலையில் பூவோடு இறங்கினாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண் வீட்டார் யாரோ என்று நினைத்து, பரிமாற வந்த மாமா குனிந்து, "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று பாத்திரங்களை ஏற்றும்போது பெரிய கரண்டி ஒன்றைக் காணவில்லை. எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. திருடன் வெளியிலிருந்துதானே வருவான், தாழ்ப்பாளை உள்ளே வைத்தால் எப்படி என்று அம்மாவிடமே கேட்டேன்.

அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஆமாண்டா, தெரியாம வெச்சிட்டேன்" என்றாள்.

படித்தவன் எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்கிறாளே என்று வீடு வருகிறவரை எனக்குப் பெருமையாக இருந்தது.