கடைசியாகப் பிறந்த குட்டி

சின்னதாகப் பிறந்த எதைப் பார்த்தாலும் மனிதருக்கு இரக்கம் சுரக்கும் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவில் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டிருந்தது. கடைசிக் குட்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்கள்.

"இன்னாடி இது, பூனை எலியப் பெத்துக்கீது!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"எலி கூட இல்ல. எறா," என்றாள் என் அம்மா.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. பெரிய இறால் ஒன்றின் அளவுதான் இருந்தது. மற்ற மூன்றும் கொழுகொழுவென்று தாயின் மடியில் முட்டி மோதிக்கொண்டிருக்க, இது அவற்றின் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. பால் குடிக்க வாயைக் கொண்டுபோகும், அதற்குள் ஒரு தடியன் அதன் தலைமேல் ஏறிப் படுத்துக்கொள்வான். தாய்ப் பூனையாவது நக்கிக் கொடுத்ததா என்றால் அதுவும் இல்லை. பின்னங்காலால் ஒரே எத்து. பெற்றவளே எத்துகிறாள், ஊரார் சிரித்தால் என்ன குற்றம்?

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தியிருந்தார்கள். காயப்போட்ட கருவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காக்கை ஓட்ட ஓர் ஆள் வேண்டுமாம். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. அன்றைக்கு அதைக் காட்ட வேறு இடம் இல்லாததால், எல்லாரும் சிரித்த அந்தக் குட்டியைப் பிழைக்கவைத்தே தீர்வது என்று பிடிவாதம் பிடித்தேன்.

எங்கள் ஊரில் பூனையை யாரும் கொஞ்ச மாட்டார்கள். மீன் வாடை ஏறிய வலையை எலி சும்மா விடாது, ராவோடு ராவாகக் கந்தலாக்கிவிடும். அதனால் வலைக் கொட்டகைக்கு ஒரு பூனை. எலி பிடித்தால் மீன் தலை கிடைக்கும், பிடிக்காவிட்டால் உதை கிடைக்கும். குட்டி போட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படகில் ஏற்றி, ஏரி நடுவில் இருக்கும் மண் திட்டில் விட்டுவிட்டு வருவார்கள். குறுக்கே தண்ணீர் கிடந்தால் பூனை வீடு திரும்பாது. திட்டில் அவை எதைத் தின்னும், எத்தனை நாள் இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

நைனா, அதாவது என் அப்பா, கொட்டகைக்கு வந்து குனிந்து பார்த்தார். கடைசிக் குட்டியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். அது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"இத்த எதுக்கு அம்மாம் தூரம் தூக்கினு போவணும்? இங்கியே தண்ணில வுட்டுடறேன்," என்றார்.

நான் அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டேன். நைனாவுக்குச் சட்டென்று கை ஓங்கிவிடும். லுங்கியைப் பிடித்தால் முதுகில் விழும் என்று தெரியும். தெரிந்தும் விடவில்லை. அன்றைக்கு ஏனோ அவர் அடிக்கவில்லை.

"நம்ம பாடு வர்ற வரிக்கும் வச்சிக்கோ. அதுக்குள்ள கண்ணு தெறந்துச்சின்னா கெடக்கட்டும். தெறக்கலன்னா மத்ததுங்களோட இதுவும் திட்டுக்குப் போவும். அப்பால மூக்க சிந்தினு நிக்காத."

பாடு என்றால் முறை. ஏரியில் மீன் படும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் அங்கே வலை கட்ட முடியாது, ஊரில் முறை வைத்துத்தான் போக வேண்டும். நம் பாடு வரும் நாளில் காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் படகு போயாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை வரைக்கும் மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் பாடு வந்த இடம் அந்தத் திட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆக என் குட்டி கண் திறக்க வேண்டும், அதுவும் எங்கள் பாடு வருவதற்குள். எனக்கு வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை.

முதல் கவலை பால். எங்கள் வீட்டில் பால் என்பது அம்மா பழவேற்காட்டுக்கு மீன் விற்கப் போகும்போது அங்கே டீக்கடையில் குடிப்பது. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளை பெற்றிருந்தாள். பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் பீய்ச்சிக் கீழே ஊற்றுவாள். அதைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எம் புள்ளைக்கு ஒரு தம்பி கெட்ச்சிட்டான்டி!" என்றவள், சிரிப்பு நின்றதும், "சும்மா குடுப்பேன்னு நெனச்சியா? பாத்திரம் தேச்சிக் குடு," என்றாள். கரிப் பாத்திரமாகப் பார்த்து எடுத்துப் போட்டாள். தேய்த்தேன். கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பால் கிடைத்தது. பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையை மட்டும் தொடவிடவில்லை. துணியைத் திரியாகத் திரித்து, நனைத்து, குட்டியின் வாயில் வைத்தேன். முதலில் அது சப்பவே இல்லை, பால் கன்னத்தில் வழிந்தது. பிறகு நாக்கு ஒருமுறை அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாய்ப் பூனை மற்ற குட்டிகளுக்குச் செய்வதைப் பார்த்துப் பார்த்து நானும் செய்தேன். ஈரத் துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் குட்டி மூத்திரம் போகும். வெயிலில் காய்ந்த மணலைக் கந்தலில் மூட்டை கட்டி, குட்டியைப் போட்டிருந்த கூடைக்குள் வைத்தேன், அது சூட்டுக்கு. ஆறினதும் வேறு மணல். பீளை ஒட்டிக்கிடந்த கண்களில் அக்காவின் பாலையே இரண்டு சொட்டு விட்டேன். கைக்குழந்தைக்குக் கண் பொங்கினால் எங்கள் பக்கம் தாய்ப்பால்தான் விடுவார்கள்.

"நீ பொறந்தப்போ நான் கூட இம்மாம் பாக்கலடி ஒன்ன," என்றாள் அம்மா. கேலியாகத்தான் சொன்னாள். உண்மையாகவும் இருக்கலாம்.

பாலூட்டிவிட்டு, குட்டியைத் தாயிடம் கொண்டுபோய் விடுவேன். அது மோந்து பார்க்கும். பிறகு கழுத்தைக் கவ்வி எடுத்துக்கொண்டு போகும், நானும் ஆசையோடு பார்ப்பேன். கொட்டகைக்கு வெளியே வெறும் மணலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடும். அப்படிப் போட்ட ஒரு நாள் காக்கை இறங்கிவிட்டது. நான் ஓடிப்போவதற்குள் காதின் நுனியைக் காணோம். ரத்தம் கூட ஒழுங்காக வரவில்லை, அதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தாய்ப் பூனையைத் துடைப்பத்தால் அடித்தேன். அன்றிலிருந்து அதை எனக்குப் பிடிக்காது.

காக்கைக்குப் பயந்து குட்டிக் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தேன். காக்கை என்ன செய்யும்? கருவாட்டுக்குப் போயிற்று. அம்மா பழவேற்காட்டிலிருந்து வந்து பார்த்தபோது, காயப்போட்டதில் பாதி குதறிக் கிடந்தது. மீன் கூடையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்து வந்த கோபமும் சேர்ந்துகொண்டது. தென்னை விளாறை எடுத்தாள். என் காலில் விழுந்த தடங்கள் பல நாள் இருந்தன.

"ஊர்ல எல்லாம் பூனைதான் நமக்கு எலி புடிக்குது. ஒனக்கு மட்டும் நாம பூனைக்கு சேவகம் பண்ணணுமா? நாளைக்கு நீ கருவாட்ட வுட்டு எழுந்து பாரு, நானே அத்த காக்காவுக்குப் போட்டுடறேன்."

நைனா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை.

எங்கள் பாடு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் குட்டியின் இடது கண்ணில் ஒரு கீறல் தெரிந்தது. துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கீறலுக்குள் ஈரமாக ஏதோ மின்னியது. கூடையோடு தூக்கிக்கொண்டு நைனாவிடம் ஓடினேன். அவர் நாளைக்கு வேண்டிய வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, தெறந்துடுச்சி!"

கூடையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஒரு கண்ணு தானே?"

அவர் வாயில் எதுவும் வரும். ஒரு கண்ணென்றால் பாதிக் குட்டியைத் திட்டில் விடுகிறேன் என்று கூடச் சொல்லக்கூடிய ஆள்.

"கெடக்கட்டும் போ," என்றார்.

விடியற்காலையில், தாய்ப் பூனை எங்கோ போயிருந்த நேரம் பார்த்து, தடியன்களில் இரண்டைச் சாக்கில் போட்டுக்கொண்டார். கொட்டகைக்கென்று வைத்துக்கொண்ட ஒன்றைத் தூக்கி என் கூடைக்குள் குட்டியோடு போட்டார். நான் கருவாட்டுக்குப் போக வேண்டும், அம்மா ஏற்கெனவே குரல் கொடுத்துவிட்டாள். கூடையை விட்டுப் போக மனமில்லாமல் நின்றேன். நைனா என் கால்களைப் பார்த்தார். விளாறு விழுந்த இடத்தைத்தான் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு பழைய நைலான் வலைத்துண்டை எடுத்து வந்தார். வசதி உள்ளவர்கள் கருவாட்டைக் காக்கையிடமிருந்து காக்க வலை விரிப்பார்கள், எங்கள் வீட்டில் அதற்கு நான். அதே மாதிரி கூடையின் மேல் இழுத்துக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை சோதித்தார்.

"காக்கா இன்னா, கருடனே வந்தாலும் தொடாது. போ, போயி வேலையப் பாரு," என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் எனக்கென்று செய்து நான் பார்த்த முதல் காரியம் அது. காக்கை ஓட்டுமிடத்தில் அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எங்கள் முறையில் நல்ல மீன். படகு வந்த சத்தம் கேட்டு ஓடினேன். நைனா சிரித்துக்கொண்டே இறங்கினார். கையில் ஒரு சின்ன மீனைத் தனியாக வைத்திருந்தார்.

"ஒங் குட்டி இத்த துண்ணுமா?" என்றார்.

"அதுக்கு இன்னும் பல்லே இல்ல நைனா," என்று சிரித்தேன். இருவரும் கொட்டகைக்குப் போனோம். அவர் முடிச்சை அவிழ்த்து வலையைத் தூக்கினார். வலையோடு குட்டியும் மேலே வந்தது.

செவுளில் மாட்டிய மீன் மாதிரி தொங்கியது. தலை வலைக் கண்ணிக்கு வெளியே, உடம்பு உள்ளே. திறந்த ஒற்றைக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்திருக்கிறது, அதை நோக்கி ஏறியிருக்கிறது. கூடவே இருந்த தடியன் ஒன்றும் ஆகாமல் மணல் மூட்டையின் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலை அந்தக் கண்ணிக்குள் நுழையாது. நுழையக்கூடிய அளவில் அந்தக் கூடையில் இருந்தது ஒன்றுதான்.

எந்தக் கண்ணியில் எந்த மீன் தலை மாட்டும் என்று ஏரியில் நைனாவைக் கேட்டுத்தான் மற்றவர்களே வலை வாங்குவார்கள். மாட்டிய மீனை வலை நோகாமல் கழற்ற அவர் விரல்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த விரல்கள் தடுமாறின. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். குட்டி விறைத்துப்போயிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், ஊருக்கெல்லாம் கண்ணி அளவு சொல்ற ஆளு! பூனைய வலை போட்டுப் புடிச்சிட்டியே!"

அக்காவும் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சிரித்தது. படகுத்துறையில் நைனாவைப் பார்த்து ஆளுக்கு ஆள், "இன்னா, இன்னிக்குப் பூனை பட்டுதா?" என்று கேட்டார்கள். நான் அழுதுகொண்டே இருந்தேன். நைனா உள்ளே வந்து என்னை அறைந்தார்.

"கூடைக்கிட்டயே குந்தினு இருக்கச் சொன்னேன்ல?"

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் கண்ணைப் பார்த்த பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டேன். அந்த வலைத்துண்டை அவர் அடுப்பில் போட்டார். நைலான் எரிந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போக நேரம் ஆனது.

அடுத்த முறை அந்தப் பூனை ஈன்றபோது மழைக்காலம் முடிந்திருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். ஐந்து குட்டி. அதில் ஒன்று சின்னது, முன்னதைவிடச் சின்னது. நைனா ஏரிக்குப் போயிருந்தார். வந்து குனிந்து பார்ப்பார், இரண்டு விரலால் தூக்குவார், பிறகு என்ன செய்வார் என்று யோசித்தேன். தண்ணீரில் விடவும் அவரால் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது என்று எனக்குத் தோன்றியது. அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. குட்டியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதைப் பாவாடையில் மடித்து எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, குட்டியைப் பிடித்த கையை உள்ளே வைத்து, அசைவு நிற்கும்வரை எடுக்கவில்லை.

நைனா வந்து படகைக் கட்டியதும் கேட்டார். "பூனை போட்டுடுச்சாமே. எத்தினி?"

"நாலு நைனா. எல்லாம் நல்லா பெருசு."

"சின்னது ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

"அப்பாடா," என்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து சோறு கேட்டார்.